சுவரொட்டியும் வாக்குச்சீட்டும்



நமது நாட்டில் தேர்தல் அறிவிக்கப்பட்டதும் முதன்முதலிற் பேசத் தொடங்குவது மேடை அன்று, சுவரே. வேட்பாளர் பட்டியல்கள் முற்றுப்பெறு முன்னரே சுவர்கள் வாய் திறந்துவிடுகின்றன. மட்டக்களப்பிலிருந்து பொத்துவிலுக்குச் செல்லும் கடலோரப் பெருந்தெருவிலே கல்முனையிற் புறப்பட்டு, சாய்ந்தமருது, காரைதீவு, நிந்தவூர், ஒலுவில், அட்டாளைச்சேனை வழியாக அக்கரைப்பற்று வரையும் பஸ்ஸிற் பயணஞ் செய்பவர் யன்னலோரம் அமர்ந்திருந்தாலே போதும். எந்தெந்தக் கட்சி, எந்தெந்த நிறம், எவர் எவருடைய புன்னகை என்பதெல்லாம் ஒரு மணி நேரத்துக்குள் அவர் கண்ணுக்குப் பாடமாகிவிடும். மதில், மின்கம்பம், பஸ் தரிப்பிடம், சந்தைக் கட்டடம், பாழடைந்த கடையின் பலகைக் கதவு ஆகிய யாவும் அப்போது ஏதோ ஒரு வேட்பாளரின் முகத்தைத் தாங்கி நிற்கும்.

இந்தச் சுவரொட்டிகளைப் பற்றியே இன்று உங்களோடு சிறிது சிந்திக்க விரும்புகின்றேன். எந்தக் கட்சி நல்லது, எந்தக் கட்சி தீயது என்று கூறுவது என் நோக்கமன்று. அரசாங்கப் பாடசாலை ஒன்றின் அதிபருக்கு அது தகுந்ததுமன்று. நான் கேட்க விரும்பும் கேள்வி வேறு. கட்சிச் சின்னமும் நிறமும் முகமும் வாக்காளருக்கு உதவி செய்கின்றனவா, அல்லது அவர் செய்யவேண்டிய சிந்தனையை அவரிடமிருந்து பறித்துக்கொள்கின்றனவா என்பதே அக்கேள்வி.

படமும் நிறமும் நமது தேர்தலுக்குள் எவ்வாறு வந்தன என்பதை முதலிற் பார்ப்போம். டொனமூர் அரசியற்றிட்டத்தின்படி 1931ஆம் ஆண்டிலே, 21 வயது நிறைந்த ஆண்களுக்கும் பெண்களுக்கும் இலங்கையில் வாக்குரிமை கிடைத்தது. எழுத்தறிவு வேண்டும், சொத்து வேண்டும் என்ற நிபந்தனைகள் நீங்கின. ஆசியாவிலே இவ்வுரிமையை மிக முந்திப் பெற்ற நாடுகளுள் நமது நாடும் ஒன்று என்பது நாம் பெருமைப்படத்தக்க செய்தியாகும். ஆனால், உரிமை கிடைத்தவுடன் ஒரு நடைமுறைச் சிக்கலும் எழுந்தது. பெயரை வாசிக்கத் தெரியாத ஒருவர் தாம் விரும்பிய வேட்பாளரை எவ்வாறு கண்டுகொள்வது?

அதற்கு அன்று கண்ட வழி நிறம். 1931ஆம், 1936ஆம் ஆண்டுகளில் நடைபெற்ற சட்டசபைத் தேர்தல்களிலே வேட்பாளர் ஒவ்வொருவருக்கும் ஒரு நிறம் ஒதுக்கப்பட்டது. வாக்களிப்பு நிலையத்திலே அந்நிறம் பூசிய பெட்டிகள் வைக்கப்பட்டிருந்தன. வாக்காளர் தாம் விரும்பியவருக்குரிய நிறப் பெட்டியிலே சீட்டை இட்டால் வாக்களிப்பு முடிந்தது. இம்முறை எளிதாயினும் குறைபாடுடையது. சீட்டைப் பெட்டியில் இடாது மடியில் மறைத்து வெளியே கொண்டுசென்று விற்பதற்கும் அது இடமளித்தது. பின்னர் 1947ஆம் ஆண்டுப் பாராளுமன்றத் தேர்தலிலே நிறத்தின் இடத்தைச் சின்னம் பெற்றது. பெயருக்கு நேரே ஒரு சிறு படம். அதற்கு நேரே ஒரு புள்ளடி. அன்று தொடங்கிய அம்முறையே இன்றும் தொடர்கின்றது.

சின்னம் என்பது பிரசாரத்துக்காகப் பிறந்த பொருளன்று என்பதை இதிலிருந்து நாம் அறிகின்றோம். அது ஏழை வாக்காளரின் கௌரவத்தைக் காப்பதற்காகப் பிறந்தது. பள்ளிக்கூட வாசலை மிதித்தறியாத ஒரு தாய், கணவனையோ மகனையோ கிராமத்துப் பெரியவரையோ கேளாமல், தானே தனித்து நின்று, தன் மனம் விரும்பியவருக்குப் புள்ளடி இடுவதற்குச் சின்னம் துணை செய்தது. வாக்கின் இரகசியத்தை அவளுக்கும் உரியதாக்கியது அச்சிறு படமே. ஆகையாற் சின்னங்களை எள்ளி நகையாடுவோர் அவற்றின் பிறப்பை மறந்தவராவர்.

காலப்போக்கிலே இச்சின்னங்கள் மக்கள் மனத்தில் வேர்விட்டன. யானை என்றால் ஐக்கிய தேசியக் கட்சி. கை என்றால் சுதந்திரக் கட்சி. துவிச்சக்கர வண்டி என்றால் தமிழ்க் காங்கிரஸ். வீடு என்றால் தமிழரசுக் கட்சி. மரம் என்றால் முஸ்லிம் காங்கிரஸ். பின்னாளிலே தேசிய காங்கிரஸின் குதிரையும், அகில இலங்கை மக்கள் காங்கிரஸின் மயிலும், ஐக்கிய மக்கள் சக்தியின் தொலைபேசியும், பொதுஜன பெரமுனவின் மொட்டும், தேசிய மக்கள் சக்தியின் திசைகாட்டியும் இவ்வரிசையிற் சேர்ந்தன. தேர்தற் காலத்திலே நமது ஊர்ச் சந்தியில் நின்று, “இந்தமுறை மரமா, மயிலா?” என்று ஒருவர் வினவினால், அவர் தாவரவியலோ விலங்கியலோ கேட்கின்றார் என்று எவரும் கருதமாட்டார். ஒரு பொருளின் பெயர் அப்பொருளை விட்டு நீங்கி ஓர் இயக்கத்தின் பெயராகிவிடுகின்றது. ஆகுபெயர் என்று இலக்கணம் படித்தவர்கள் கூறுவது இதனையே.

சின்னத்தின் வலிமையையும் அதன் நிலையாமையையும் ஒருங்கே காண்பதற்கு எங்கள் கரையோரத்தைப் போன்று தக்க இடம் வேறு கிடைப்பது அரிது. 1961ஆம் ஆண்டிலே அம்பாறை தனி மாவட்டமாயிற்று. அதன் தேர்தல் மாவட்டம் திகாமடுல்ல எனப்படுகின்றது. 1981ஆம் ஆண்டிலே காத்தான்குடியில் உதயமான முஸ்லிம் காங்கிரஸுக்குப் பெருந்தளமாக விளங்கியது எங்கள் கரையோரமே. அக்கட்சி 2004ஆம் ஆண்டுப் பொதுத் தேர்தலிலே இம்மாவட்டத்தில் மரச் சின்னத்திற் போட்டியிட்டது. 2010ஆம், 2015ஆம் ஆண்டுகளிற் கூட்டணி காரணமாக அதன் வேட்பாளர்கள் யானைச் சின்னத்தின் கீழ் நின்றனர். 2020ஆம் ஆண்டிலே தொலைபேசியின் கீழ் நின்றனர். 2024ஆம் ஆண்டிலே மீண்டும் மரத்தின் நிழலுக்குத் திரும்பினர்.

கூட்டணி அமைப்பது கட்சிகளின் உரிமை. அதன் சரிபிழை எனது பொருளன்று. வாக்காளர் பக்கத்திலிருந்து இதனை நோக்குங்கள். அதே ஊர், அதே ஆதரவாளர், பெரும்பாலும் அதே தலைவர்கள். ஆயினும் புள்ளடி இடவேண்டிய படம் மாத்திரம் மாறிக்கொண்டே இருக்கின்றது. இருபது ஆண்டுகளாக ஒரு மரத்தைத் தேடிப் பழகிய முதியவரின் கண், ஒருநாட் காலையில் ஒரு யானையைத் தேடவேண்டும். பிறிதொரு நாளில் ஒரு தொலைபேசியைத் தேடவேண்டும். இதனை அவருக்குக் கற்பிக்கும் ஆசிரியர் யார்? சுவரொட்டிதான். ஆகவே சுவரொட்டி வெறும் ஆரவாரம் என்று கூறிவிட முடியாது. அது ஒருவகைப் பாடப்புத்தகமுமாகும்.

இப்பாடப்புத்தகம் எவ்வளவு விரைவாகக் கற்பிக்கவல்லது என்பதற்குச் சாய்ந்தமருது சான்று பகரும். 2018ஆம் ஆண்டு பெப்ரவரி 10ஆம் திகதி நடைபெற்ற உள்ளூராட்சித் தேர்தலிலே, சாய்ந்தமருதுக்குத் தனியான உள்ளூராட்சி மன்றம் வேண்டும் என்ற கோரிக்கையை முன்வைத்து ஒரு சுயேச்சைக் குழு கல்முனை மாநகர சபைக்குப் போட்டியிட்டது. சுயேச்சைக் குழுவுக்குப் பழைய சின்னம் ஏது? தேர்தல் அதிகாரிகளின் பட்டியலிலிருந்து அதற்குக் கிடைத்தது தோடம்பழம். சின்னம் கிடைத்ததற்கும் வாக்களிப்புக்கும் இடையில் இருந்தவை சில வாரங்களே. அச்சில வாரங்களுள் அப்பழம் ஓர் ஊரின் அடையாளமாயிற்று. அக்குழு மாநகர சபையிலே 9 ஆசனங்களைப் பெற்றது. அப்பழத்தின் படத்திலே மந்திரம் ஏதும் இருக்கவில்லை. அதன் பின்னால் ஒரு தெளிவான கோரிக்கை இருந்தது; அக்கோரிக்கை இன்னதென்று அவ்வூரிலே சிறுபிள்ளையும் அறிந்திருந்தது. அக்கோரிக்கை சரியா, தவறா என்பது வேறு விடயம். சின்னம் பொருளோடு சேர்ந்து நின்றது என்பதே நாம் கவனிக்கவேண்டியது. பொருள் நீங்கிச் சின்னம் மாத்திரம் எஞ்சும்போதுதான் ஆபத்துத் தொடங்குகின்றது.

இக்காலச் சுவரொட்டியிலே சின்னத்தைவிடப் பெரிதாக நிற்பவை இரண்டு. ஒன்று முகம், மற்றொன்று இலக்கம். 1989ஆம் ஆண்டுப் பொதுத் தேர்தல் முதலாக நாம் ஒரு கட்சிக்கு வாக்களிப்பதோடு, அக்கட்சியின் பட்டியலிலுள்ள மூவர் வரையில் விருப்பு வாக்கும் அளிக்கின்றோம். வாக்குச்சீட்டிலே கட்சியின் பெயரும் சின்னமும் இருக்கும். வேட்பாளரின் பெயர் இருக்காது. அவருடைய இலக்கம் மாத்திரமே இருக்கும். திகாமடுல்ல மாவட்டத்துக்கு 7 ஆசனங்கள். ஒரு கட்சியின் பட்டியலிலே 10 வேட்பாளர். ஆகவே, ஒவ்வொரு வேட்பாளரும் தம் இலக்கத்தை நம் மனத்திற் பதிப்பதற்கு ஓயாது முயல்கின்றார். இதன் விளைவாக ஒரே கட்சியைச் சேர்ந்தவர்களே தம்முட் போட்டியிடுகின்றனர். ஒரே சின்னமும் ஒரே நிறமும் உடைய இரண்டு சுவரொட்டிகள் ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டப்படுவதை நாம் கண்டிருக்கின்றோம். எதிர்க்கட்சியை மறைப்பதிலும் பார்க்கத் தம் கட்சியினரை மறைப்பதிலேயே சிலர் கூடுதலான பசையைச் செலவிட்டனர் எனலாம்!

இதில் நகைப்புக்கு இடமில்லாத ஒரு பக்கமும் உண்டு. 2020ஆம் ஆண்டுப் பொதுத் தேர்தலிலே நிராகரிக்கப்பட்ட வாக்குகள் 7 இலட்சத்து 44 ஆயிரத்துக்கு மேற்பட்டவை. 2024ஆம் ஆண்டு செப்டெம்பர் 21ஆம் திகதி நடைபெற்ற சனாதிபதித் தேர்தலில் அத்தொகை ஏறத்தாழ 3 இலட்சமாக இருந்தது. இரண்டு மாதங்கூட நிறையுமுன், நவம்பர் 14ஆம் திகதி பொதுத் தேர்தல் நடைபெற்றபோது, வாக்களிக்க வந்தோர் தொகை குறைந்திருந்தும், நிராகரிக்கப்பட்டவை 6 இலட்சத்து 67 ஆயிரத்துக்கு மேலாக உயர்ந்தன. இதற்குக் காரணங்கள் பல இருக்கலாம். வெறுப்பினால் வெற்றுச்சீட்டை இட்டவரும் இருக்கலாம். ஆயினும், பொதுத் தேர்தலின் வாக்குச்சீட்டு சனாதிபதித் தேர்தலின் வாக்குச்சீட்டைக் காட்டிலும் சிக்கலானது என்பதை எவரும் மறுக்கமாட்டார்.

நேயர்களே, இதனைக் கவனமாகக் கேளுங்கள். கட்சிக்கு நேரே புள்ளடி இடாமல் விருப்பு இலக்கத்துக்கு மாத்திரம் புள்ளடி இட்டால், அந்த வாக்கு செல்லாது. முகத்தையும் இலக்கத்தையும் பெரிதாக்கி, சின்னத்தை ஒரு மூலையில் ஒதுக்கி அச்சிட்ட சுவரொட்டி, வாக்காளருக்கு அரைப் பாடத்தை மாத்திரம் கற்பிக்கின்றது. அவர் வரிசையிலே காத்து நின்று, விரலில் மை பூசி, தம் அன்புக்குரியவரின் இலக்கத்தைத் தேடிப் புள்ளடி இட்டுவிட்டு மனநிறைவோடு வீடு திரும்புகின்றார். எண்ணும் மேசையிலே அவர் சீட்டு ஒதுக்கப்படுகின்றது. அவருடைய வாக்கைத் திருடியவர் எவருமில்லை. ஆயினும் அது வீணாயிற்று.

இனி, முகத்தைப் பற்றிச் சிறிது கூறுவேன். எங்கள் கரையோரச் சுவரொட்டிகளில் மிக அதிகமாக இடம்பெறும் முகம் இன்று உயிரோடிருப்பவருடையதன்று. முஸ்லிம் காங்கிரஸின் தாபகத் தலைவர் எம். எச். எம். அஷ்ரஃப் அவர்கள் 2000ஆம் ஆண்டு செப்டெம்பர் 16ஆம் திகதி ஹெலிகொப்டர் விபத்திலே காலமானார். அதன்பின் அவருடைய கட்சியிலிருந்து கிளைத்தவர்களும் பிரிந்தவர்களும் பல கட்சிகளாகப் போட்டியிட்டு வந்துள்ளனர். ஒருவரையொருவர் கடுமையாக எதிர்க்கும் அக்கட்சிகளின் சுவரொட்டிகளிலே, மேல் மூலையிலோ வேட்பாளரின் தோளுக்குப் பின்னாலோ, மறைந்த தலைவரின் படம் காணப்படுகின்றது. அவர் மீது மக்களுக்குள்ள மதிப்பு உண்மையானது. அதனைக் குறை கூறுவார் எவருமில்லை. ஆனால், எதிரெதிராக நிற்கும் இருவரும் ஒரே படத்தைச் சான்றாகக் காட்டுவாராயின், அப்படம் எதற்குச் சான்றாகும்? மறைந்தவரிடம் சென்று, “உமது கொள்கையைத் தொடர்பவர் இவர்களுள் எவர்?” என்று கேட்க இயலாது. அதனை நாமேதான் உயிரோடிருக்கும் வேட்பாளரின் செயலைக் கண்டு தீர்மானிக்கவேண்டும்.

முகத்தின் வலிமை எங்களுக்கு மாத்திரம் உரியதன்று. பாக்கு நீரிணைக்கு அப்பாலுள்ள தமிழ்நாட்டிலே 1967ஆம் ஆண்டு சனவரி 12ஆம் திகதி நடிகர் எம். ஜி. இராமச்சந்திரன் துப்பாக்கிச் சூட்டுக்கு இலக்கானார். அடுத்த மாதம் பொதுத் தேர்தல். கழுத்திலே கட்டுப் போட்ட கோலத்தில் மருத்துவமனையில் அவர் இருக்கும் படம் சுவரொட்டியாகத் தமிழ்நாடெங்கும் பரவியது. அவர் பரங்கிமலைத் தொகுதிக்குச் சென்று வாக்குக் கேட்கவில்லை, படமே சென்றது. அவர் வெற்றி பெற்றார். அவருடைய கட்சியும் ஆட்சிக்கு வந்தது. அவ்வாட்சி மாற்றத்துக்கு அரிசிப் பஞ்சம், மொழிப் போராட்டம் முதலிய பெருங்காரணங்கள் இருந்தன. எனினும் அந்த ஒற்றைப் படம் ஓராயிரம் மேடைப் பேச்சுகளின் வேலையைச் செய்தது என்பதை அக்காலத்தவர் இன்றும் நினைவுகூர்வர். அப்படம் உண்மையான படம். அக்காயமும் உண்மையான காயம்.

ஆயினும் எல்லாப் படங்களும் அத்தகையன அல்ல. பிரித்தானியாவிலே 1978ஆம் ஆண்டில் பழைமைபேண் கட்சியினர் ஒரு சுவரொட்டியை வெளியிட்டனர். வேலையற்றோர் அலுவலகத்தின் முன்னால் வளைந்து வளைந்து நீண்டு செல்லும் மனித வரிசை ஒன்று அதிற் காணப்பட்டது. தொழிற்கட்சி அரசாங்கத்தின் ஆட்சியிலே வேலை கிடைக்காதவர்கள் இவர்கள் என்று எவரும் எண்ணும் வண்ணம் அது அமைந்திருந்தது. உண்மையில் வரிசையில் நின்றவர்கள் வேலையற்றோர் அல்லர், அக்கட்சியின் ஆதரவாளர்களே. அவர்களிலும் எதிர்பார்த்த தொகையினர் வராமையால், வந்த சிலரையே திரும்பத் திரும்பப் படமெடுத்து ஒட்டி, நீண்ட வரிசையாக ஆக்கினர். வேலையின்மை அந்நாட்டில் மெய்யாகவே பெரும் பிரச்சினையாக இருந்தது. ஆனால் படம் மெய்யன்று. மறு ஆண்டுத் தேர்தலில் அக்கட்சி வெற்றி பெற்றது. அன்று அதனைச் செய்வதற்குத் தேர்ச்சி பெற்ற விளம்பர நிறுவனம் ஒன்று தேவைப்பட்டது. இன்றோ கணினியும் செயற்கை நுண்ணறிவும் உள்ள ஓர் இளைஞன் தன் கைப்பேசியிலேயே, கூடாத கூட்டத்தைக் கூட்டிக் காட்டவும், நடவாத சந்திப்பை நடந்ததாகக் காட்டவும் வல்லவனாகின்றான். கண்ணாற் கண்டதும் பொய்யாகலாம் என்ற நம் முன்னோர் வாக்கு இன்று முன்னொருபோதும் இல்லாத அளவுக்கு உண்மையாகிவிட்டது.

முகம் இல்லாத படமும் நம்மை வேறு திசைக்கு இழுத்துச் செல்லலாம். 1982ஆம் ஆண்டு டிசெம்பர் 22ஆம் திகதி இந்நாட்டிலே மக்கள் தீர்ப்பு ஒன்று நடைபெற்றது. பாராளுமன்றத்தின் ஆயுளைத் தேர்தலின்றி மேலும் ஆறாண்டுகள் நீடிக்கலாமா என்பது கேட்கப்பட்ட கேள்வி. ஆம் என்போருக்கு விளக்கு. இல்லை என்போருக்குக் குடம். எவ்வளவு பாரதூரமான கேள்வி! ஆனால் தெருவிலே அது “விளக்கா, குடமா?” என்ற விடுகதையாகச் சுருங்கிவிட்டது. விளக்கு என்றால் ஒளி, மங்களம் என்ற எண்ணம் நம் மனத்திலே பிறவியோடு பதிந்தது. விளக்கை அணைப்பதற்கு எவருடைய கை துணியும்? விளக்கே வென்றது. அதற்கு வேறு காரணங்களும் இருந்தன என்பதை வரலாறு அறிந்தோர் அறிவர். ஆயினும், அரசியலமைப்பைப் பற்றிய ஒரு கேள்வி இரண்டு வீட்டுப் பொருள்களுக்குப் பின்னால் மறைந்து நின்றமை நாம் மறக்கத்தகாத பாடமாகும்.

இவற்றையெல்லாம் நெறிப்படுத்தச் சட்டம் இல்லையோ என நீங்கள் வினவலாம். உண்டு. 1981ஆம் ஆண்டின் 1ஆம் இலக்கப் பாராளுமன்றத் தேர்தல்கள் சட்டத்தின்படி, வேட்புமனுக் காலம் தொடங்கிய நாளிலிருந்து வாக்களிப்புக்கு மறுநாள் வரையில், பொதுமக்கள் காணும் இடங்களிலே சுவரொட்டி, பதாகை, கொடி முதலியவற்றைக் காட்சிக்கு வைத்தல் சில விலக்குகள் தவிரத் தடைசெய்யப்பட்டுள்ளது. தேர்தல் பற்றிய அச்சுப் பிரசுரம் எதுவாயினும், அதனை அச்சிட்டவர், வெளியிட்டவர் ஆகியோரின் பெயரும் முகவரியும் அதன் முகப்பிலே இருத்தல் வேண்டும். ஆயினும் இரவில் ஒட்டுவதும், பகலிலே பொலிஸார் ஆட்களைக் கொண்டு கிழிப்பதும், மறு இரவில் மீண்டும் ஒட்டுவதும் நாம் பலமுறை கண்ட காட்சிகளே. சட்டம் கிழிக்கத் தவறியதை எங்கள் பகுதியில் வாடை மழையும் கடற்காற்றும் கிழிப்பதுண்டு.

செலவைப் பொறுத்தமட்டில் நெடுங்காலம் வரம்பே இல்லாதிருந்தது. 2023ஆம் ஆண்டின் 3ஆம் இலக்கத் தேர்தல் செலவினங்களை ஒழுங்குபடுத்தும் சட்டம் அக்குறையை நீக்க முற்பட்டது. 2024ஆம் ஆண்டு சனாதிபதித் தேர்தலிலே ஒரு வேட்பாளர் ஒரு வாக்காளருக்கு 109 ரூபா என்ற கணக்கிலேயே செலவிடலாம் என வரம்பு விதிக்கப்பட்டது. தேர்தல் முடிந்து 21 நாட்களுள் வரவு செலவுக் கணக்கை ஒப்படைக்கவும் வேண்டும். ஒரு கோடியே 71 இலட்சத்துக்கு மேற்பட்ட வாக்காளரைக் கொண்டு இதனைப் பெருக்கிப் பார்த்தால், அவ்வரம்புங்கூடப் பெருந்தொகை என்பது விளங்கும். எனினும், செலவு எவ்வளவு என்று கேட்கும் உரிமை நமக்குக் கிடைத்திருக்கின்றது. அவ்வுரிமையை நாம் பயன்படுத்தாவிடின் அது தாளிலேயே கிடக்கும்.

சுவரொட்டியை முற்றாக ஒழித்துவிட்டால் என்ன என்று சிலர் கூறுகின்றனர். எனக்கு அதில் முழு உடன்பாடு இல்லை. பத்திரிகையிலே பக்கம் வாங்கவும், தொலைக்காட்சியிலே நேரம் வாங்கவும் பெரும் பணம் வேண்டும். ஆனால் சிறிய அச்சகம் ஒன்றிலே ஒற்றை நிறத்தில் அச்சிட்ட சில நூறு தாள்கள் ஓர் ஏழை வேட்பாளருக்கும் எட்டக்கூடியவை. நேற்று வரையில் பெயர் தெரியாத ஒருவர், “நானும் போட்டியிடுகின்றேன்” என்று ஊருக்கு அறிவிப்பதற்குச் சுவரே துணையாயிற்று. பணமும் அதிகாரமும் உள்ளவர் வீதிக்கு வீதி தம் முகத்தை நிரப்பி, மற்றவரின் குரல் எழாதபடி செய்வதே தீங்கு. அளவு மீறாதிருந்தால் சுவரொட்டியும் ஜனநாயகத்தின் ஒரு கருவியே.

ஆகவே, நாம் பெறவேண்டியது சுவரொட்டியை வாசிக்கும் அறிவாகும். இது தொடர்பாக எங்கள் பாடசாலையிலே நிகழ்ந்த ஒன்றைக் கூறுகின்றேன். ஒரு தேர்தல் முடிந்து சில மாதங்கள் சென்றபின், மேல்வகுப்பு மாணவருக்கு வாக்கிய இலக்கணம் கற்பித்துக்கொண்டிருந்தேன். எழுவாய், பயனிலை, செயப்படுபொருள் என்பவற்றை விளக்கியபின், கண்ணாற் கண்ட வாக்கியங்களை எழுதி வந்து பகுத்துக் காட்டுமாறு பணித்தேன். ஒரு மாணவி வீதியோரச் சுவர்களில் எஞ்சியிருந்த தேர்தல் வாசகங்களை எழுதி வந்திருந்தாள். மக்கள் சேவகன், நாளைய விடியல், நம்மவரின் குரல், மண்ணின் மைந்தன் என்று அவளுடைய பட்டியல் நீண்டது. “சேர், இதில் எதற்கும் பயனிலையே இல்லையே, இதை எப்படிப் பகுப்பது?” என்று அவள் கேட்டாள்.

அவள் கேட்டது இலக்கணக் கேள்வி. ஆனால் அதைவிடச் சிறந்த அரசியற் கேள்வியை நான் கேட்டதில்லை. பயனிலை என்பது செய்வேன், செய்தேன், கட்டுவேன், தடுப்பேன் என்ற வினை. வினை இருந்தாலன்றோ, “செய்தாயா?” என்று பின்னர் கேட்க முடியும்? “கரைவலைத் தொழிலாளரின் இறங்குதுறையை இந்த ஆண்டுக்குள் திருத்துவேன்” என்று ஒருவர் எழுதினால், ஆண்டு முடிவிலே நாம் சென்று பார்க்கலாம். “மருதமுனை நெசவாளருக்கு நூல் குறைந்த விலையிற் கிடைக்க இன்ன வழி செய்வேன்” என்று எழுதினால் நூலின் விலையைக் கேட்டறியலாம். “வெள்ளம் வடிவதற்கு இந்த வாய்க்காலை வெட்டுவேன்” என்று எழுதினால் அடுத்த மாரியே தீர்ப்புக் கூறும். விடியல் என்று மாத்திரம் எழுதினால் யாது செய்வோம்? சூரியன் எவர் வென்றாலும் உதிக்கத்தான் செய்கின்றது.

எனவே, அடுத்த முறை ஒரு சுவரொட்டியின் முன் நிற்கும்போது நான்கு கேள்விகளைக் கேட்டுப் பாருங்கள். முதலாவது, இதனை அச்சிட்டவர் யார், வெளியிட்டவர் யார்; பெயர் உண்டா? பெயரிட அஞ்சியவர் கூறுவதை நாம் ஏன் நம்பவேண்டும்? இரண்டாவது, இதற்குப் பணம் எங்கிருந்து வந்தது? நூற்றுக்கணக்கான முகங்களை வீதியெங்கும் நிறுத்தியவர், அச்செலவைப் பின்னர் எங்கிருந்து மீட்பார்? மூன்றாவது, இதிலுள்ள படம் எப்போது, எங்கே எடுக்கப்பட்டது. அதிலுள்ள பெரியவர்கள் உண்மையாகவே இவரை ஆதரிக்கின்றார்களா? நான்காவது, இதில் வினைச்சொல் உண்டா? உண்டாயின், அது செய்யக்கூடிய வினையா?

இந்நான்கும் பெரும் படிப்புத் தேவைப்படாத கேள்விகள். தேநீர்க் கடையிலே கேட்கலாம். கடற்கரையிலே வலை பொத்தும்போது கேட்கலாம். வீட்டிலே பிள்ளைகளோடு உண்ணும்போது கேட்கலாம். பெண்கள் தமக்குள் இவற்றைக் கேட்கத் தொடங்கினாற் பல வேட்பாளரின் சுவரொட்டிகள் தாமாகவே திருந்தும் என்பது என் நம்பிக்கை. எழுத்தறியாத தாய்க்கு 1931இல் நிறமும், 1947இல் சின்னமும் துணை நின்றன. எழுத்தறிந்த அவளுடைய பேத்தி அந்தப் படத்தோடு நின்றுவிடுவாளாயின், பாடசாலைகளிலே நாங்கள் செய்யும் பணிக்கு என்ன பயன்?

ஒன்று கூறி முடிக்கின்றேன். நமது நாட்டிலே பெரும்பாலான வாக்களிப்பு நிலையங்கள் பாடசாலைகளிலேயே அமைகின்றன. வெளியே எத்தனை நிறங்கள் இருந்தாலும் அந்நிலையத்துக்குள் அவற்றிலொன்றும் நுழைவதில்லை. அங்கே நம் கையில் தரப்படும் சீட்டிலே பச்சையுமில்லை, நீலமுமில்லை, சிவப்புமில்லை; கறுப்பு மையில் அச்சிட்ட சிறு கோட்டுப் படங்கள் மாத்திரமே உள்ளன. புன்னகை புரியும் முகங்கள் அங்கே இல்லை, இசைப்பாட்டு இல்லை, ஆரவாரம் இல்லை. அட்டைத் தடுப்புக்குப் பின்னால் ஓர் எழுதுகோலும் ஒரு தாளும் நாமும் மாத்திரமே நிற்கின்றோம். அங்கே சுவரொட்டி நமக்குத் துணை செய்யாது. சுவரைப் பார்த்து நாம் என்ன கேட்டோம், அதற்கு என்ன விடை பெற்றோம் என்பதே துணை செய்யும். அந்த ஒரு நிமிடத்துக்கு நம்மை முன்கூட்டியே ஆயத்தப்படுத்திக்கொள்வோமாக.